பின் பிரேக் ஷூ மாற்றுவது: டெல்டா வண்டிக்காரர்களுக்கு

டெல்டாவில் காரின் பின் பிரேக் தேய்ந்து கெடுவதைவிட, ஈரத்தில் கிடந்து கெடுவதே அதிகம். கல்லணையில் கிளம்பிக் கிழக்கே பூம்புகார் வரை போனாலும் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் வராது; ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் இந்தப் பக்கத்து மலை. ஏற்காட்டில் இறங்கும் வண்டிக்கு வருகிற பிரேக் சூடு இங்கே கிடையாது. அதனால் பின் ஷூவின் கனம் வருடக்கணக்கில் அதிகம் குறையாமலே இருக்கும். ஆனால் ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து, தை மாதம் சம்பா அறுக்கும் வரை, வயலோர ரோடு எங்காவது ஓரிடத்தில் ஈரமாகத்தான் கிடக்கும். கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயலைவிட்டு ஏறும்போது தார் ரோட்டில் சேற்றை உதறிவிட்டுப் போகும். அடுத்து வருகிற காரின் சக்கரம் அதை அள்ளிக்கொள்ளும். அதில் ஒரு பங்கு டிரம்முக்குள் போய் உட்காரும்.

டிராக்டர் செய்பவர்கள் இதற்கு வேறு வழி கண்டுவிட்டார்கள். சேற்றுழவுக்கு இறங்கும் வண்டிகளில் இப்போது ஆயிலில் மூழ்கிய பிரேக் வருகிறது. மூடிய பெட்டிக்குள் தகடுகள் ஆயிலிலேயே சுற்றுவதால் சேறு உள்ளே போக வழியில்லை. காருக்கு அந்த வசதி வரவில்லை. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, பொலிரோ என்று நம் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 1902-ல் லூயி ரெனோ காருக்குப் பொருத்திய உள்விரியும் டிரம் பிரேக்கின் அடிப்படை அமைப்புதான் இன்னும் பின் சக்கரத்துக்குள் இருக்கிறது. மலிவு, ஹேண்ட் பிரேக்கை அதிலேயே சேர்த்துவிடலாம் என்ற இரண்டு காரணங்களுக்காக அது ஒழியாமல் நிற்கிறது.

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. ஷூ மாற்றும் கூலியும் சொத்தை எழுதிக் கேட்கிற அளவு இல்லை. ஆகவே காசு மிச்சம் பிடிக்க வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவசரமில்லாமல் செய்யலாம் என்பதுதான் லாபம். நாலு வண்டி வரிசையில் நிற்கிற இடத்தில் பேக் பிளேட்டைச் சுரண்டிக் கிரீஸ் வைக்க யாருக்கும் நேரம் இருக்காது. டெல்டா வண்டிக்கு ஷூ மாற்றுவதைவிட அந்தச் சுரண்டல்தான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது

சக்கரத்தோடு சுற்றுகிற வார்ப்பிரும்புக் கிண்ணம்தான் டிரம். அதற்குள் சுற்றாமல் நிற்கிற தகடு பேக் பிளேட். அந்தத் தகட்டில் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஷூவின் வெளி வளைவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளை லைனிங் என்கிறோம். மேலே இரண்டு ஷூவுக்கும் நடுவில் வீல் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் சிலிண்டருக்குள் இருக்கும் இரண்டு பிஸ்டனையும் வெளியே தள்ள, ஷூ விரிந்து டிரம்மின் உள்சுவரில் அழுந்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து ஷூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

முன்பக்க ஷூவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வண்டி முன்னே போகும்போது டிரம் சுற்றுகிற திசையே அந்த ஷூவை இன்னும் உள்ளே இழுத்து அழுத்தும். கதவுக்கு அடியில் செருகிய சக்கை, கதவு தள்ளத் தள்ள இறுகுவது போல. நாம் கொடுக்கும் விசையைவிட அதிகமாக அது பிடிக்கும், அதிகமாகத் தேயவும் தேயும். எனவே கழற்றிப் பார்க்கும்போது முன்பக்க ஷூ மெலிந்தும் பின்பக்க ஷூ கனமாகவும் இருந்தால் பதற வேண்டாம். பின்பக்க ஷூதான் மிகவும் தேய்ந்திருக்கிறது என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஷூவில்தான் ஹேண்ட் பிரேக் லீவர் மாட்டியிருக்கும்.

லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்டவே இரண்டு ஷூவுக்கும் குறுக்கே அட்ஜஸ்டர் இருக்கிறது. இடைவெளி கூடும்போதெல்லாம் ஒரு பல் நகர்ந்து ஷூவை வெளியே தள்ளி வைக்கும். இது தானாக வேலை செய்ய வேண்டிய சாமான். துருப்பிடித்தால் செய்யாது. நம் ஊரில் முதலில் சாகிறது இதுதான்.

மூன்று மண், மூன்று கோளாறு

டெல்டா என்று ஒரே பெயர் சொன்னாலும் மண் ஒன்றல்ல. பாபநாசம், கும்பகோணம், திருவிடைமருதூர், நீடாமங்கலம் பக்கம் காவிரியும் வெண்ணாறும் கிளை ஆறுகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டல், கையில் பிசைந்தால் ஒட்டுகிற களி. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரம் 1934-ல் கல்லணைக் கால்வாய் வெட்டிப் பாசனத்துக்கு வந்த புது டெல்டா. மணல் கலந்த மண். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று கடலோரம் போனால் உப்புக் காற்று.

களிமண் ஊர் வண்டியில் டிரம்மைக் கழற்றினால் பேக் பிளேட்டின் அடிப்பகுதியில் சேறு காய்ந்து கட்டியாக நிற்கும். பிரேக் தூசியோடு கலந்து கறுத்திருக்கும். ஷூ திரும்பி வர இடமில்லாமல் போய், சக்கரம் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே ஓடும். பெட்ரோல் செலவு கூடியதாகத்தான் நமக்குத் தெரியும். மணல் ஊர் வண்டியில் கட்டி இருக்காது. பதிலுக்கு டிரம்மின் உள்சுவர் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும், லைனிங்கிலும் மணல் பதிந்திருக்கும். கடலோர வண்டியில் லைனிங், டிரம் இரண்டும் நன்றாக இருந்தும் ஹேண்ட் பிரேக் லீவரின் முனை, அட்ஜஸ்டர், ஸ்பிரிங் மூன்றும் துருவில் இறுகியிருக்கும். உங்கள் வண்டி எந்த மண்ணில் அதிகம் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி வேலையின் பாரம் மாறும்: முதல் வகைக்குச் சுத்தம் செய்வது, இரண்டாவதுக்கு டிரம், மூன்றாவதுக்கு ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும்.

கழற்ற வேண்டுமா என்று எப்படித் தெரியும்? ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் வழக்கத்தைவிடக் கூடுதலான பல் ஏறுகிறது. பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது. மழையில் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது பின்னால் ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கிறது. இது மட்டும் என்றால் பெரிய கோளாறு இல்லை, ராத்திரி துருவில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருந்திருக்கிறது. தினமும் கேட்டால்தான் கவனிக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின் சக்கரத்து ரிம் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் இறுகியிருக்கிறது. டயரின் உள்பக்கம் ஈரமாக வழிந்திருந்தாலோ, ஆயில் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே போனாலோ வீல் சிலிண்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

வாங்க வேண்டியது

ஷூ எப்போதும் ஒரு செட், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் சாமான் விஷயத்தில் நமக்கு ஒரு சவுகரியம்: இந்தியாவில் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த இடங்களில் ஒன்று சென்னைதான். 1962-ல் பாடியில் டி.வி.எஸ். குடும்பம் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், பிறகு ரானே என்று பெயர்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். வண்டிக் கம்பெனியின் சொந்த டப்பாவோ இவற்றில் ஒன்றோ, பில் போட்டு வாங்குங்கள். டப்பாவில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஷூவுக்கு லைனிங் மட்டும் ஒட்டித் தரும் கடைகள் உண்டு. லாரிக்கு அது சரி, சின்னக் காருக்குப் புது ஷூவே வாங்கிவிடலாம்.

கூடவே ஸ்பிரிங் செட் வாங்குங்கள். பழைய ஸ்பிரிங் சூட்டிலும் துருவிலும் தளர்ந்திருக்கும். புது ஷூவுக்குத் தளர்ந்த ஸ்பிரிங் போட்டால் மறுபடி உரசல்தான். பிரேக் கிளீனர் ஒரு டின், பிரேக்குக்கென்றே விற்கும் சூடு தாங்கும் கிரீஸ் சின்ன டியூப், உப்புத்தாள், கம்பி பிரஷ். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயில், மூடி திறக்காத புது டப்பா. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3-க்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் தரம் கேட்பது 140 டிகிரிதான். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பாதி டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் ஊற்றுவது வேண்டாம்.

ஜாக்கி எங்கே நிற்கிறது

தஞ்சை மாவட்டத்து வீடுகளில் கார் நிற்கிற இடம் பெரும்பாலும் வாசலோ கொல்லையோ, மண் தரை. வெயிலில் கல்லாகத் தெரியும் களிமண், ஒரு மழை பெய்தால் ஜாக்கியின் காலை விழுங்கிவிடும். சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கே செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டடிக்கு இரண்டடி கனமான பலகையை ஜாக்கிக்கும் வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் போடுங்கள். செங்கல் கூடாது. செங்கல் விரிசல் விட்டால் முன்னறிவிப்பு தராமல் உடையும்.

முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முதல் கியரில் நிறுத்துங்கள். இதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். அது இழுத்திருந்தால் டிரம் வராது. வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். வண்டியோடு கொடுத்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். ஸ்டாண்டு இல்லை என்றால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டால் இன்னொரு பாதுகாப்பு.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று மறந்துபோனால் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் இதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

டிரம் வருவதில்தான் பாதி வேலை

டிரம் இரண்டு விதம். சில வண்டிகளில் அது ஹப்பின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், ஓரிரண்டு சின்ன ஸ்குரூதான் பிடிப்பு. மாருதியின் பல சின்னக் கார்களில் பேரிங்கே டிரம்முக்குள் இருக்கும். நடுவிலுள்ள கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, பெரிய நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அந்த நட்டு அவிழாதபடி ஒரு ஓரத்தை அடித்து மடக்கியிருப்பார்கள், அல்லது ஸ்பிலிட் பின் போட்டிருப்பார்கள். மடக்கை உளியால் நிமிர்த்திய பிறகே கழற்ற வேண்டும். நட்டு, பின் இரண்டும் திரும்ப மாட்டும்போது புதிதாக இருக்கட்டும்.

பூட்டை அவிழ்த்தும் டிரம் வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். ஹேண்ட் பிரேக் கேபிள் இன்னும் இறுகியிருக்கிறது. வண்டிக்குள் போய்க் கேபிள் நட்டைத் தளர்த்துங்கள். டிரம்மின் உள்விளிம்பில் தேயாத வரப்பு நின்று ஷூவில் மாட்டுகிறது. பேக் பிளேட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருந்தால் அதன் வழியே திருப்புளியை விட்டு அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் தள்ளலாம். மூன்றாவது துரு. ஹப்பைச் சுற்றித் துரு தளர்த்தும் ஸ்பிரே அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, சக்கர போல்ட்டுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருந்தால் அவை இதற்காகவே வைத்தவை. மாருதியில் 8 மி.மீ. போல்ட் இரண்டை அவற்றில் மாட்டி மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். பேக் பிளேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே கடப்பாரையை விட்டு நெம்புவது பலருக்கும் வழக்கம். தகடு வளைந்துவிடும். வளைந்த இடைவெளி வழியே அடுத்த சாகுபடியின் சேறு முழுவதும் உள்ளே போகும்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அவற்றின் பின் சக்கரத்தருகே வேகம் அளக்கும் சென்சார் ஒயர் வரும். அதை இழுத்துவிடாமல், பேரிங் பக்கத்தில் சுத்தியலைப் படவிடாமல் வேலை செய்யுங்கள்.

டிரம் கையில் வந்ததும் ஊதாதீர்கள். வாயாலும் ஊதக் கூடாது, ஏர் பைப்பும் பிடிக்கக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, கிளீனர் அடித்து நனைத்து, கீழே வைத்த பழைய தட்டில் வழியவிடுங்கள். காய்ந்த களிக்கட்டியைத் திருப்புளியால் பெயர்த்து எடுங்கள். இந்தக் கட்டத்திலிருந்து டிரம் திரும்ப ஏறும் வரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது

டிரம்மின் வெளிப்பக்கத்திலோ உள்பக்கத்திலோ அதிகபட்ச விட்டம் இத்தனை மி.மீ. என்று எண் வார்த்திருக்கும். உள்விட்டம் அதைத் தாண்டினால் டிரம் மாற்ற வேண்டியதுதான். தாண்டவில்லை, கீறல் மட்டும் இருக்கிறது என்றால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டாத அளவு லேசான கோடு என்றால் உப்புத்தாள் போதும். நீலம் பாரித்த திட்டு, மயிரிழை விரிசல் கண்டால் பேச்சே இல்லை, புதுசு.

வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் பூட் இருக்கும். அதன் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரம் இருந்தால் சில கையேடுகள் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். சொட்டுச் சேர்ந்திருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ரப்பர் கப் மட்டும் மாற்றுகிற கிட் கிடைக்கும். நம் ஈரத்தில் சிலிண்டரின் உள்சுவரே குழிவிழுந்திருக்கும் என்பதால் கிட் போட்டவர்கள் அடுத்த மழைக்கே திரும்ப வருவார்கள். சிலிண்டருக்கு வரும் பிரேக் பைப்பின் நட்டு துருவேறிச் சுற்ற மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பைப் முறுக்கிக்கொண்டால் பெரிய செலவு.

லைனிங் கனம் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 1 மி.மீ.க்குப் பக்கம் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். கனம் இருந்தும் ஆயில் ஊறியிருந்தால் அதுவும் குப்பைதான். பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் போடும் வைத்தியம் வேலை செய்யாது, சூடேறியதும் ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும்.

கழற்றலும் மாட்டலும்

கண்ணுக்குக் கண்ணாடி. இந்த ஸ்பிரிங் தெறித்தால் முகத்துக்குத்தான் வரும்.

ஒவ்வொரு ஷூவின் நடுவிலும் அதைப் பேக் பிளேட்டோடு சேர்த்துப் பிடிக்கிற ஆணியும் அதன் மேல் சின்ன ஸ்பிரிங் கிண்ணமும் இருக்கும். ஆணியின் தலை தட்டையாகத் தெரியும். பின்னாலிருந்து ஒரு விரலால் ஆணியை அழுத்திக்கொண்டு, முன்னால் கொறடால் கிண்ணத்தை உள்ளே தள்ளிக் கால் வட்டம் திருப்பினால் கழன்றுவிடும். இரண்டு பக்க ஆணியும் வந்தபின், இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்குகளோடு அப்படியே ஒன்றாக வெளியே இழுத்தெடுப்பது சுலபம். ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை செய்கிறவருக்கு அது வேண்டாத போராட்டம். வெளியே வந்ததும் பின்பக்க ஷூவில் உள்ள லீவரிலிருந்து ஹேண்ட் பிரேக் கேபிளின் முனையை விடுவித்துக்கொள்ளுங்கள்.

பழைய செட்டைச் செய்தித்தாள் மேல் அதே வடிவில் பரப்பி வையுங்கள். பக்கத்திலேயே புது ஷூக்களை வைத்து ஓட்டைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் லீவர் பழைய ஷூவில்தான் இருக்கும்; புது ஷூவோடு அது வராவிட்டால் சி வடிவ கிளிப்பை விரித்துக் கழற்றிப் புதியதில் மாற்ற வேண்டும். கிளிப்பை நன்றாக நெருக்கிவிடுங்கள். லீவர் அதன் அச்சில் தடையில்லாமல் ஆட வேண்டும். கடலோர வண்டியில் இது ஆடாது. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு ஆடும்வரை விடாதீர்கள். அட்ஜஸ்டரை முழுக்கப் பிரித்து மரையைச் சுத்தம் செய்து, கிரீஸ் தொட்டு, மிகக் குறைந்த நீளத்துக்குச் சுருக்கி வையுங்கள். மரை வகை அட்ஜஸ்டர் என்றால் இடது பக்கத்ததும் வலது பக்கத்ததும் எதிரெதிர் மரை. கலந்துவிட்டால் தானாகச் சரிசெய்வதற்குப் பதில் தானாகத் தளரும்.

இனி பேக் பிளேட். ஷூவின் விளிம்பு தகட்டின் மேல் வழுக்கிப் போகிற இடங்கள் ஒரு பக்கத்துக்கு மூன்றாக, கொஞ்சம் உயர்ந்த மேடாக இருக்கும். துருவையும் பழைய கிரீஸையும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஷூ அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. ஒவ்வொரு மேட்டிலும் பிரேக் கிரீஸ் மெல்லிய பூச்சு, விரல்நுனியில் ஒற்றுகிற அளவு. பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸை வைத்தால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வந்துவிடும். பேக் பிளேட்டின் அடியில் தண்ணீர் வடிகிற வழி இருந்தால் களி அடைத்திருக்கும், குத்தித் திறந்துவிடுங்கள். ரப்பர் மூடிகள் காணாமல் போயிருந்தால் புதிது போடுங்கள். அதன் வழியாகத்தான் வைக்கோல் துணுக்கு வரைக்கும் உள்ளே போகிறது.

ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர் மூன்றையும் கீழேயே கோத்து, கேபிளை மாட்டி, அப்படியே தூக்கி வைத்து ஆணிகளைப் பூட்டுங்கள். ஷூவின் மேல் முனைகள் பிஸ்டன் வெட்டுக்குள்ளும், கீழ் முனைகள் தாங்கியிலும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இரண்டு தடவை பாருங்கள். லைனிங்கில் கைரேகைக் கிரீஸ் பட்டிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய். டிரம் உள்சுவரைக் கிளீனரால் துடையுங்கள்.

டிரம்மை ஏற்றுவதற்கு முன் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, டிரம்மைப் போட்டுப் பார்த்து, எடுத்து, மறுபடி நீட்டி, டிரம் ஏறும்போது லைனிங் லேசாக முணுமுணுக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், சத்தம் மட்டும் கேட்கலாம். நடு நட்டுள்ள வண்டியில் புது நட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரென்ச் வைத்து இறுக்கி மடக்குங்கள். இதைக் கைக்கணக்கில் செய்யக் கூடாது. பின் சக்கரமே அந்த நட்டில்தான் நிற்கிறது. டார்க் ரென்ச் இல்லையென்றால் பட்டறையில் இரவல் வாங்குங்கள்.

அடுத்த பக்கமும் இதே மாதிரி. இரண்டும் முடிந்ததும் பெடலைப் பத்துத் தடவை மிதித்து, ஹேண்ட் பிரேக்கைச் சில தடவை இழுத்துவிடுங்கள். அட்ஜஸ்டர் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஷூ தளர்ந்திருப்பதைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுக்கிற வேலை நம் பக்கத்தில் பரவலாக நடக்கிறது. பல் குறைவாக ஏறும், வண்டிக்காரருக்குத் திருப்தி. ஆனால் கேபிள் இறுகியிருந்தால் அட்ஜஸ்டர் நகராது. ஆறு மாதத்தில் பெடல் மறுபடி இறங்கும்.

சிலிண்டர் மாற்றியிருந்தால்

ஆயில் பைப்பைத் திறந்திருந்தால் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். ஷூ மட்டும் மாற்றியவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் டப்பாவில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். வழிந்து பெயிண்ட்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் சக்கரத்தடியில். சிலிண்டரின் பின்னால் உள்ள நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். வேலை முழுக்கக் குரலில்தான் நடக்கும்.

“மிதிச்சுப் பிடி.”

“பிடிச்சிருக்கேன் மாமா.”

நிப்பிளைத் திறந்தால் குமிழியோடு ஆயில் வரும், பெடல் தரைக்கு இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே, “விடு.” மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும், ஆகவே மிதிக்கிறவர் தானாக முடிவெடுக்கக் கூடாது. குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையிடையே டப்பாவில் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சினைக் கிளப்பும் முன் பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் தெருவுக்கு எடுக்காதீர்கள். வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக் போட்டுப் பாருங்கள். பிறகு ஆளில்லாத ரோட்டில் இருபது, முப்பது வேகத்தில். புது லைனிங்கின் வளைவும் பழைய டிரம்மின் வளைவும் முழுக்க ஒட்டுவதற்கு நேரமாகும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிரேக் போட்டு நிறுத்தி, சூடு ஆற இடைவெளி விட்டு, பத்துப் பதினைந்து தடவை செய்தால் படிந்துவிடும். அதுவரை நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளையும் ஹேண்ட் பிரேக் பல்லையும் ஒருமுறை சரிபாருங்கள்.

தண்ணீர் நிற்கிற ரோட்டைக் கடந்து வந்தால், பின்னால் வண்டி வராதபோது பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் டிரம் உலர்ந்துவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, சமதளத்தில் ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. வாய்க்கால் கரைச் சரிவில் நிறுத்தினால் இது பொருந்தாது, அங்கே ஹேண்ட் பிரேக்கும் வேண்டும். மாசி, பங்குனியில் உளுந்தும் பயறும் ரோட்டில் பரப்பியிருக்கும்போது அதன் மேல் ஏற்றிப் போக நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் குனிந்து பாருங்கள்; கொடி ஹப்பையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ந்த கொடி சைலன்ஸரில் பட்டுத் தீப்பிடிப்பதும் உண்டு. சம்பா அறுத்து ரோடு காய்ந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை டிரம்மைத் திறந்து மண்ணை எடுத்துவிட்டால் அடுத்த செட் ஷூ வாங்குவது வெகுநாள் தள்ளிப்போகும்.

பழைய ஆயிலைப் பாட்டிலில் மூடி, தட்டில் வழிந்த தூசியைச் செய்தித்தாளில் சுருட்டி, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர் யாருடைய நாற்றங்காலுக்கோ போகிறது. பழைய ஷூவின் இரும்புக்குக் காயலான் கடையில் ஏதாவது கொடுப்பார்கள்.